பி.பி. நாற்காலியில் நம்மாள் உட்கார்ந்தால்?

“நம்மாள் ஒருத்தன் அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டா எல்லாம் மாறிடும்.” இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போச்சு. சட்டக் கல்லூரி மாணவத் தோழர்கள் சொல்கிறார்கள். கிளைக் கூட்டத்தில் சொல்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கிற தம்பிகள் சொல்கிறார்கள். உட்காரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? உட்கார்ந்த ஒருத்தர் எழுந்து வந்து என்ன சொன்னார் என்பதையும் கேட்டுவிட்டு உட்காருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அவர் பெயர் பால் பட்லர். அமெரிக்கக் கறுப்பர். சிகாகோ நகரின் தெற்குப் பகுதியில், கறுப்பர்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட குடியிருப்புகளின் நடுவே வளர்ந்தவர். யேல் பல்கலைக்கழகம், பிறகு ஹார்வர்டு சட்டப் பள்ளி. ‘தகுதி, திறமை’ என்று இங்கே மந்திரம் ஓதுகிறவர்கள் கேட்கிற சான்றிதழ் அத்தனையும் கையில். படித்து முடித்து ஒரு நீதிபதியிடம் உதவியாளர், பெரிய தனியார் சட்ட நிறுவனத்தில் வேலை, அப்புறம் அமெரிக்க நீதித்துறையில் மத்திய அரசு வழக்கறிஞர். நம்மூர் கோர்ட்டில் பி.பி. என்பார்களே, அந்த வேலை, ஆனால் அந்நாட்டு மத்திய அரசின் பெயரில். 1993ல் அதை விட்டுவிட்டு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பிக்கப் போனார். பிற்பாடு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம்.

அமெரிக்கக் கதை நமக்கெதுக்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1946ல் அண்ணல் அம்பேத்கர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972ல் பம்பாயில் நம் இளைஞர்கள் கறுஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துத் தலித் பேந்தர் என்று வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கதை நமக்கெதுக்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. வேலை கிடைத்த பிறகு, குடியேறிய பிறகுதான் இந்தக் கேள்வி வருகிறது.

வாஷிங்டன் தலைநகரத்தின் கோர்ட்டு எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால்தான் பட்லர் சொல்வது புரியும். அந்த நகரம் எந்த மாநிலத்திலும் சேராது. நாடாளுமன்றத்தில் அதற்கு ஓட்டுரிமையுள்ள உறுப்பினர் கிடையாது. 1990ல் அங்கே மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். மற்ற பெரும்பாலான ஊர்களில் சில்லறைக் குற்றங்களை நடத்துகிற வழக்கறிஞரை ஊர் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அது ஒரு லட்சணம் என்று நான் சொல்லவில்லை, அப்படி ஒரு ஏற்பாடு. இங்கே அதுவும் இல்லை. தெருமுனையில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்ட பையன் மேல் வழக்கு நடத்துவதும் ஜனாதிபதி நியமித்த மத்திய அரசு வழக்கறிஞரின் அலுவலகம்தான். வழக்கின் தலைப்பே ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர்’ அந்தப் பையனின் பெயர். ஒரு பக்கம் உலக வல்லரசு, இன்னொரு பக்கம் பதினெட்டு வயசுப் பிள்ளை. வல்லரசின் சார்பில் எழுந்து நிற்பவர் யார்? கறுப்பான பால் பட்லர்.

1990ல் சிறப்பு உதவி வழக்கறிஞராக அவர் நடத்தியவை பெரும்பாலும் இப்படிப்பட்ட போதைப்பொருள், துப்பாக்கி வழக்குகள். சிறைக்கு அனுப்பியது பெரும்பாலும் கறுப்பு ஆண்களை. உள்ளே போய் மாற்றலாம் என்ற நினைப்பில்தான் போனதாக அவரே எழுதியிருக்கிறார். மாறியது தான்தான் என்றும் எழுதியிருக்கிறார். வேலையைத் திறமையாகச் செய்தார், ஜெயிப்பது பிடித்திருந்தது. இதை மறைக்காமல் சொன்னதால்தான் அந்த ஆள் மேல் எனக்கு மரியாதை. நம்மவர்களில் பதவியிலிருந்து இறங்கியவர்கள் சுயசரிதை எழுதினால் ‘உள்ளே இருந்தபோதும் போராடினேன்’ என்றுதான் முதல் அத்தியாயம் தொடங்கும்.

சட்டமும் எப்படிப்பட்ட சட்டம்! 1986ல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்டது. தூள் கொக்கெய்ன் 500 கிராம் வைத்திருந்து விற்றால் குறைந்தது ஐந்து வருஷம். அதே கொக்கெய்னைச் சோடா உப்போடு காய்ச்சிக் கட்டியாக்கினால் ‘கிராக்’. அது 5 கிராம் இருந்தாலே அதே ஐந்து வருஷம். ஒன்றுக்கு நூறு. தூள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பணக்காரன் மூக்கில் ஏறியது. கிராக் என்று பிடிபட்டுச் சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பான்மை கறுப்பர்கள். சட்டத்தில் எங்கேயாவது ‘கறுப்பன்’ என்ற சொல் இருக்கிறதா? கிடையாது. கிராமில்தான் எழுதியிருக்கிறது. நிறத்தைத் தராசில் வைத்து நிறுக்கிற வித்தை இது. தேநீர்க் கடையில் ‘சாதி பார்ப்பதில்லை’ என்று சொல்லிக்கொண்டே தனியாக வைத்த தம்ளரை எடுத்து நீட்டுகிறவனை அறிந்த நமக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு ஜூரி முன்னால் போகிறார்கள். ஜூரியில் உட்கார்ந்திருப்பது அந்த நகரத்துச் சனங்கள், பெரும்பாலும் கறுப்பர்கள். சாட்சி சரியாக இருக்கும், பொட்டலம் மேசை மேல் இருக்கும். அவர்கள் ‘குற்றவாளி அல்ல’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். புதிதாக வந்த வழக்கறிஞர்களுக்கு இதை ஒரு தொல்லையாகச் சொல்லி எச்சரித்தே பயிற்சி கொடுத்தார்களாம். அதே 1990ல் நகர மேயர் மரியன் பாரி, கறுப்பர், ஓட்டல் அறையில் கிராக் புகைத்ததை எஃப்.பி.ஐ. ஒளிந்திருந்து படம் பிடித்தது. 14 குற்றச்சாட்டுகள். ஜூரி ஒன்றில் குற்றவாளி என்றது, அதுவும் சிறு குற்றம். ஒன்றில் விடுதலை. மீதி 12லும் ஒருமித்த முடிவில்லை. வெள்ளைப் பத்திரிகைகள் தலையில் அடித்துக்கொண்டன. பட்லர் அப்போது அந்த அலுவலகத்தில்தான் இருந்தார். தன்னோடு இருந்த கறுப்பு வழக்கறிஞர்கள் சிலர் மேயர் விடுதலையாக வேண்டும் என்று உள்ளூர விரும்பியதைப் பின்னால் எழுதினார். அரசின் கோட்டைப் போட்டுக்கொண்டு அரசு தோற்கணும் என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வது! அந்தக் கோட்டுக்குள் எத்தனை பேர் புழுங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

1995 டிசம்பரில் யேல் சட்ட இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் வெடித்தது. ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கில் விடுதலை வந்து சுமார் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாடே இரண்டாகப் பிளந்து நின்ற நேரம். அந்த வழக்கில் அரசுத் தரப்பில் நின்ற கறுப்பு வழக்கறிஞர் கிறிஸ்டோபர் டார்டனைச் சொந்தச் சனமே துரோகி என்றது. அவரும் பிற்பாடு சட்டம் கற்பிக்கத்தான் போனார். அந்த நேரத்தில் பட்லர் சொல்கிறார்: சட்டத்தின் எழுத்தை மீறித் தீர்ப்புச் சொல்லும் வல்லமை ஜூரிக்கு எப்போதுமே உண்டு. கறுப்பு ஜூரிகள் அதைத் தெரிந்தே, திட்டமிட்டே பயன்படுத்த வேண்டும்.

இங்கேதான் நம் தோழர்கள் சிலர் அரைகுறையாகப் படித்துவிட்டுக் கைதட்டுகிறார்கள், வேறு சிலர் அரைகுறையாகப் படித்துவிட்டுத் திட்டுகிறார்கள். கறுப்பன் எது செய்தாலும் விட்டுவிடு என்று அவர் எழுதவில்லை. கொலை, வன்புணர்ச்சி, தாக்குதல் என்றால் சாட்சியம் என்ன சொல்கிறதோ அதன்படி தீர்ப்பு. அங்கே சலுகை கிடையாது. திருட்டு மாதிரி ஆளை அடிக்காத குற்றங்களில் யோசித்து முடிவெடுக்கலாம். பணக்காரக் கடையில் எடுத்தவனும் பக்கத்து வீட்டு ஏழையிடம் எடுத்தவனும் ஒன்றல்ல. போதைப்பொருளை வைத்திருந்தது போல, இன்னார் பாதிக்கப்பட்டார் என்று ஒருவரைக் காட்ட முடியாத வழக்குகளில் விடுவிப்பதே இயல்பான நிலையாக இருக்கட்டும். எவ்வளவு பொறுப்பாகக் கோடு கிழித்திருக்கிறார் பாருங்கள். தன் சனத்தைக் கொல்கிறவனையும் சேர்த்துக் காப்பாற்று என்று அவர் சொல்லியிருந்தால் நானே எதிர்த்து எழுதுவேன்.

எதிர்ப்பும் வந்தது. ஹார்வர்டில் கற்பிக்கும் ராண்டல் கென்னடி, அவரும் கறுப்பர்தான், 1997ல் வந்த தம் நூலில் இதைக் கடுமையாக மறுத்தார். குற்றத்தால் அதிகம் சாகிறவன் கறுப்பன், அவனுக்குப் பாதுகாப்புத்தான் வேண்டும். இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும் என்பது அவர் கட்சி. இரண்டு பக்கமும் வெட்டும் என்பது நிஜம். 1955ல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயசுப் பையனைக் கொன்றவர்களை, வெள்ளை ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த ஜூரி 67 நிமிஷத்தில் விடுதலை செய்தது. விடுதலையானவர்கள் மறு வருஷமே பத்திரிகைக்குப் பணம் வாங்கிக்கொண்டு ‘நாங்கதான் கொன்றோம்’ என்று சொன்னார்கள். அதுவும் ஜூரி சட்டத்தைச் செல்லாக்காசாக்கியதுதான்.

ஆனால் கென்னடி ஐயா, வெள்ளைக்காரன் அந்தக் கத்தியை எடுக்கும்போது பட்லரிடம் அனுமதி கேட்டானா? அவன் நூறு வருஷமாக வீசிக்கொண்டிருந்தான். கறுப்பன் கை வைத்ததும்தான் ‘ஐயோ, கூர்மையாச்சே!’ என்கிறீர்கள். இன்னொன்று. 1850ல் ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் வந்தபோது, அடிமைக்கு உதவியவர்களைத் தண்டிக்க மறுத்த வடமாநில ஜூரிகளும் இதே கத்தியைத்தான் பிடித்தார்கள். அதற்குச் சிலை வைக்கிறார்கள், பாடப் புத்தகத்தில் போடுகிறார்கள். யார் கையில், யார் கழுத்துக்கு எதிரே என்பதைப் பார்க்காமல் கத்தியைப் பற்றி மட்டும் பேசுவது நடுநிலை இல்லை.

கோர்ட்டுகள் என்ன கிழித்தன என்றும் கேட்கத்தானே வேண்டும்? 1987ல் மெக்ளெஸ்கி வழக்கு. ஜார்ஜியா மாநிலத்தில் வெள்ளையனைக் கொன்றவனுக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு, கறுப்பனைக் கொன்றவனைவிட 4.3 மடங்கு என்று புள்ளிவிவரத்தை எடுத்து வைத்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை மறுக்கவில்லை. உன் வழக்கில் குறிப்பாக உன்மேல் பாரபட்சம் காட்டினார்கள் என்பதற்கு இது ஆதாரமில்லை என்று 5க்கு 4ல் தள்ளிவிட்டது. தீர்ப்பு எழுதிய நீதிபதி பவல் ஓய்வு பெற்ற பிறகு, என் ஓட்டை மாற்றிப் போடுவேன் என்று தன் வரலாற்றை எழுதியவரிடம் சொன்னார். சொன்னது 1991ல். அதே 1991ல் மெக்ளெஸ்கியை மின்சார நாற்காலியில் உட்கார வைத்துக் கொன்றார்கள்.

பட்லரின் வாழ்க்கையில் எல்லாரும் விரும்பிச் சொல்கிற ஒரு சம்பவம் இருக்கிறது. மத்திய அரசு வழக்கறிஞராக, ஒரு செனட்டர் மேலான ஊழல் வழக்கில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் அவரையே போலீஸ் பிடித்தது. வண்டி நிறுத்தும் இடம் பற்றி அண்டை வீட்டுக்காரப் பெண்ணோடு தகராறு, அவர் என்னைத் தள்ளினார் என்று புகார். தான் எழுந்து நின்று வாதாடிய அதே கோர்ட்டில் குற்றவாளிக்கான இடத்தில் உட்கார்ந்தார். ஜூரி பத்து நிமிஷங்கூட எடுக்காமல் விடுதலை செய்தது. நல்ல வழக்கறிஞரை வைத்துக்கொள்ளக் காசு இருந்தது, கோர்ட்டின் நெளிவு சுளிவு தெரிந்திருந்தது, சமூக மதிப்பு இருந்தது, தப்பு செய்யவில்லை என்பதும் இருந்தது என்று காரணங்களை அடுக்குகிறார். தப்பு செய்யவில்லை என்பது அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இல்லை!

‘பட்டபிறகு புத்தி வந்தது’ என்று இதை நீதிக்கதையாக்குகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அடிபட்டவன்தான் பேசணுமா? அப்படியானால் அடிபடாத வரை நாற்காலி நியாயமானதா? நிரபராதியான, ஹார்வர்டில் படித்த கறுப்பன் தப்பித்தான் என்பதல்ல இங்கே செய்தி. அந்த நாட்டில் மத்திய அரசு வழக்குகளில் தண்டனை பெறுகிறவர்களில் 97 சதவீதம் பேர் ஜூரி முகத்தையே பார்ப்பதில்லை என்று 2012ல் உச்ச நீதிமன்றமே எழுதியது. பேரம்தான். ‘ஒத்துக்கிட்டா மூணு வருஷம், ஒத்துக்கலேன்னா பத்து.’ பேரத்தில் எந்தச் சட்டப்பிரிவைப் போடுவது என்பது பி.பி. கையில். நீதிபதி பெரும்பாலும் கையெழுத்துப் போடுகிறவர். நாற்காலியின் முழு பலமும் அங்கேதான் இருக்கிறது. கோட்டுக்குள் இருப்பவர் தோல் நிறம் அந்தப் பேரத்தின் விலையை மாற்றுவதில்லை.

2009ல் பட்லர் ‘லெட்ஸ் கெட் ஃப்ரீ’ என்று நூல் எழுதினார். நல்லவர்கள் பி.பி. வேலைக்குப் போகலாமா என்று அதில் ஓர் அத்தியாயமே வைத்து, வேண்டாம் என்கிற பக்கமே சாய்ந்தார். அதே 2009ல் இன்னொரு பி.பி.யும் நூல் எழுதினார்: ‘ஸ்மார்ட் ஆன் க்ரைம்’. எழுதியவர் அப்போது சான்பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞர், கமலா ஹாரிஸ். எந்தப் புத்தகத்துக்காரருக்கு நம்மூரில் பேனர் வைத்தார்கள்? மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் 2020ல் பூசை, 2021ல் பட்டாசு, 2024ல் மறுபடி பூசை. தாய்வழி அக்கிரகாரத்துப் பேத்தி என்றதும் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வந்த புல்லரிப்பைப் பார்த்தோமே! பிள்ளைகள் தொடர்ந்து பள்ளிக்கு வராவிட்டால் பெற்றவர்களைச் சிறைக்கு அனுப்பவும் வழி செய்த கலிபோர்னியாச் சட்டத்துக்கு அவர் முன்னின்று ஆதரவு திரட்டியதை எந்தப் பேனரிலும் போடவில்லை. எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராது? நோயாளிப் பிள்ளை, வீடில்லாத பிள்ளை, தாய் இரண்டு வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளை. 2019ல், அப்படி ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை என அவர் வருத்தம் தெரிவித்தார். கறுப்பு அப்பா, பழுப்பு அம்மா, எதுவும் அந்தத் தாய்மார்களைக் காப்பாற்றவில்லை.

உடனே ஒரு தோழர் எரிக் ஹோல்டரைக் கொண்டு வருவார். கொண்டு வரட்டும். 1993ல் வாஷிங்டனின் முதல் கறுப்பு மத்திய அரசு வழக்கறிஞர் ஆனவர். 1995ல் துப்பாக்கி தேடுகிறோம் என்று கறுப்பர் பகுதிகளில் கார்களை மறித்துச் சோதனை போடும் திட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். 2009ல் நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞரானார். 2010ல் ஒன்றுக்கு நூறு என்பது ஒன்றுக்குப் பதினெட்டு ஆனது. பதினெட்டு! விஞ்ஞானப்படி ஒன்றுக்கு ஒன்றாக இருக்க வேண்டியதைப் பதினெட்டில் நிறுத்திவிட்டு அதற்கு ‘நியாயமான தண்டனைச் சட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். 2013ல் சிறு ஆட்கள் மேல் கட்டாயத் தண்டனைப் பிரிவுகளைப் போட வேண்டாம் என்று ஹோல்டர் சுற்றறிக்கை விட்டார். அதனால் பலனடைந்தவர்கள் உண்டு, ஒரு வருஷம் முன்னால் வீட்டுக்கு வந்தவனிடம் போய் அது பயனில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2017 மே மாதம், பிற்பாடு அந்தப் பதவிக்கு வந்த ஜெஃப் செஷன்ஸ் ஒரு சுற்றறிக்கையில் அதை ரத்து செய்தார். சுற்றறிக்கையில் வந்தது சுற்றறிக்கையில் போச்சு.

இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் நான். நகைக்கடன் தவணை தப்பினால் ஏல நோட்டீஸ் என் கையால்தான் போகும். சேரியிலிருந்து வருகிற அம்மாவை ‘உட்காருங்கம்மா’ என்று நான் சொல்கிறேன், இதற்கு முன் இருந்தவர் சொன்னதில்லை. அது சின்ன விஷயமில்லை. ஆனால் நோட்டீஸின் வாசகத்தில் ஓர் எழுத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. மரியாதையோடு போகிறது நோட்டீஸ், தேதி மாறுவதில்லை. அந்த அம்மா தாலிக்கொடியை மீட்டாரா இல்லையா என்பது என் ‘உட்காருங்கம்மா’வில் இல்லை.

அப்படியானால் பேராசிரியர் நாற்காலி மட்டும் புனிதமா என்று பட்லரைத் திட்டுகிற கோஷ்டி கேட்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு புரட்சி பேசுகிறார் என்கிறார்கள். இவர்களும் சம்பளம் வாங்குகிறவர்கள்தான், அது கிடக்கட்டும். அவர் கற்பிக்கிற ஜார்ஜ்டவுன் யோக்கியமான இடம் என்று நானும் சொல்லவில்லை. 1838ல் கடனை அடைக்க மேரிலாந்து ஏசு சபைப் பாதிரிமார் 272 அடிமைகளை விற்றார்கள், அந்தக் காசில் நிமிர்ந்த கல்லூரி அது. பட்லரிடம் பாடம் கேட்ட பிள்ளைகளில் எத்தனையோ பேர் பி.பி. வேலைக்கும் போவார்கள். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி யாரையும் அவர் சிறைக்கு அனுப்பவில்லை. பழைய நாற்காலியின் ரகசியங்களை வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறார். 2017ல் வந்த ‘சோக்ஹோல்ட்’ நூலில் போலீஸ் கறுப்பு ஆணின் கழுத்தை நெரிப்பதையே முழு அமைப்பின் படமாக எடுத்துக்கொண்டு, சிறையே வேண்டாம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டார். மூன்று வருஷம் கழித்து மினியாபொலிஸ் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்கால் விழுந்தது.

இதையெல்லாம் அப்படியே தூக்கி வந்து இங்கே நடலாமா? முடியாது. நமக்கு ஜூரி கிடையாது, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அதன் மிச்சமும் குற்ற வழக்குகளிலிருந்து போய்விட்டது. அதே 1973ல்தான் வெண்மணி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. 44 பேர் எரிந்தார்கள். கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்று சந்தேகப்பட்டது கோர்ட்டு. மிசிசிப்பியில் பன்னிரண்டு வெள்ளையர்கள் செய்ததை இங்கே சட்டம் படித்தவர்கள் செய்தார்கள். (துளசேந்திரபுரமும் வெண்மணியும் ஒரே பழைய தஞ்சை மாவட்டம். பேனர் வைத்தவர்களுக்கு நினைவிருக்குமா?) ஆகவே நம் வழக்குகளில் பி.பி. நம்மைத் துரத்துவது ஒரு பாதிதான். நமக்காக நிற்க வேண்டிய வழக்கில் நிற்காமல் இருப்பது மறு பாதி. வன்கொடுமைச் சட்டத்தின் 1995 விதிகளில், பாதிக்கப்பட்டவர்கள் கேட்டால் மூத்த வழக்கறிஞரை மாவட்ட நிர்வாகம் அமர்த்தலாம் என்று 4(5)ல் எழுதியிருக்கிறது. எத்தனை ஊரில் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? ‘நம்மாள் எப்போ பி.பி. ஆவான்’ என்று காத்திருக்கிற நேரத்தில் ஒரு மனு எழுதிவிடலாம்.

ஜூரிக்கு இருக்கும் அந்த வல்லமையை ஜூரியிடம் நீதிபதி சொல்லத் தேவையில்லை என்று 1895லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இருக்கிறது, ஆனால் சொல்லமாட்டார்கள். பட்லர் அதைத்தான் எழுதிச் சொன்னார். மன்ஹாட்டன் மத்திய நீதிமன்ற வாசலில் இதையே துண்டுப் பிரசுரமாக அடித்துக் கொடுத்தார் ஜூலியன் ஹெய்க்லன் என்ற வயதான முன்னாள் வேதியியல் பேராசிரியர். 2010ல் அவர் மேல் வழக்குப் போட்டது மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம். 2012ல் நீதிபதி கிம்பா உட் அதைத் தள்ளுபடி செய்தார்.

1995 கட்டுரையின் முக்கியப் பகுதிகளை எடுத்து விளக்கி ஒரு சிறு பிரசுரம் போடலாம் என்று நினைக்கிறேன். கூடவே 4(5) மனுவின் மாதிரியும். எழுத முன்வரும் மாணவத் தோழர்கள் ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள். உட்கார்ந்து சரிபார்க்க இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. அச்சுச் செலவில் பாதி என்னுடையது.